மண்ணெண்ணெயில் ஓடிய ஊரும் சிந்தெற்றிக் ஒயிலும்

1990இல் போர் மீண்டும் மூண்ட பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றுபோனது. வாகனங்கள் நிற்கவில்லை. கார்புரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்பி, அது சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், மோட்டார் சைக்கிள் எல்லாம் அப்படித்தான் ஓடின. பின்னால் சைக்கிளில் வருபவரின் கண்ணை எரித்த அந்தப் புகையை அன்று வாழ்ந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். நோயாளிகளை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தவையும் அந்த வாகனங்கள்தான். அவற்றை ஓடவைத்த கராஜ்காரர்களின் கைத்திறன் பெரியது.

அந்தக் காலம் ஒரு நம்பிக்கையையும் விட்டுச்சென்றது: எதை ஊற்றினாலும் எஞ்சின் ஓடும். ஏ40ஐப் பொறுத்தவரை அது பாதி உண்மை. அமுக்க விகிதம் குறைந்த, உறுப்புகளுக்கிடையே தாராளமாக இடைவெளி விட்டுக் கட்டப்பட்ட எஞ்சின் அது. ஆனாலும் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கும். வளையமும் பெயாரிங்கும் தேயும். எஞ்சினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த கைகள் ஊரில் இருந்ததால் அந்த இழப்பை ஊர் தாங்கிக்கொண்டது.

இன்றைய வாகனம் வேறு. 2020 மார்ச்சில் இலங்கை நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்தது. புத்தம்புது வாகனங்கள் உத்தரவாதப் புத்தகத்தோடு வீட்டு வாசலுக்கு வருகின்றன. கூடவே கராஜில் ஒரு கேள்வியும் வருகிறது: “அண்ணை, வொரண்டி இன்னும் முடியேல்ல. சிந்தெற்றிக் ஒயில் விட்டால் வொரண்டி போயிடுமோ?”

போகாது. ஆனால் சிந்தெற்றிக் என்ற சொல் வொரண்டியைக் காப்பாற்றவும் மாட்டாது. வாகனக் கையேடு கேட்கும் பாகுத்தன்மையும் தரக்குறியும் ஒயில் கன்னில் இருக்கின்றனவா என்பதுதான் விடயம். கையேட்டில் ‘எஸ்ஏஈ 0டபிள்யூ-20, ஏபிஐ எஸ்பி’ என்று இருந்தால், அந்த இரண்டும் பொருந்திய ஒயில் எந்தக் கொம்பனியுடையதானாலும் எஞ்சினுக்கு ஏற்றது. 0டபிள்யூ-20இல் முதல் எண் குளிரில் ஒயில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதையும் இரண்டாவது எண் சூட்டில் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதையும் சொல்கின்றன.

“எங்கட வெயிலுக்குத் தடிச்ச ஒயில்தான் சரி” என்று சொல்லும் மூத்த மெக்கானிக்குகள் உண்டு. அவர்களின் அனுபவம் பழைய எஞ்சின்களில் பெற்றது. அங்கே அது சரியாகவும் இருந்தது. புது எஞ்சினில் ஒயில் போகும் வழிகளும், வால்வுகளின் நேரத்தை ஒயில் அழுத்தத்தாலேயே மாற்றும் அமைப்பும் மெல்லிய ஒயிலுக்கென்றே அளந்து செய்யப்பட்டவை. ஹைபிரிட் என்றால் ஓடும்போதே எஞ்சின் பலமுறை நின்று எழும். ஒவ்வொரு முறையும் ஒயில் உடனே மேலே ஏற வேண்டும். அதற்குள் 20டபிள்யூ-50 விட்டு ஏதும் பழுது வந்தால், உத்தரவாதத்தை மறுக்கக் கொம்பனிக்கு நல்ல காரணம் கிடைத்துவிடும். சொல்லப்போனால், 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ஒயிலைச் சாதாரண கனிம எண்ணெயில் செய்வதே அரிது. இந்தத் தரம் கேட்கும் வாகனத்தின் சொந்தக்காரர் சிந்தெற்றிக்குக்கு மாறலாமா என்று யோசிக்கும்போது, தொழிற்சாலையே அதை ஊற்றி அனுப்பியிருக்கும்.

சிந்தெற்றிக் புதுமையும் அல்ல. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலேயே ஜேர்மனியர் சிறு மூலக்கூறுகளை இணைத்து எண்ணெய் செய்தார்கள். மொபில் 1 என்ற சிந்தெற்றிக் ஒயில் சந்தைக்கு வந்தது 1974இல். மசகெண்ணெயை மிகக் கடுமையாகச் சுத்திகரித்துப் பெற்ற எண்ணெயைச் சிந்தெற்றிக் என்று அழைக்கலாமா என்று மொபில், காஸ்ட்ரோல் ஆகிய ஒயில் கொம்பனிகள் அமெரிக்காவில் முட்டிக்கொண்டன. 1999இல் அங்குள்ள விளம்பர மத்தியஸ்த அமைப்பு காஸ்ட்ரோல் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆகவே கன்னின் முன்பக்கத்துப் பெரிய எழுத்தை விட்டு, பின்பக்கத்துச் சிறிய எழுத்தைத்தான் வாசிக்க வேண்டும்.

தன் பிராண்ட் ஒயிலைத்தான் விட வேண்டும் என்று உத்தரவாதத்தின் பெயரால் கட்டாயப்படுத்துவதை, அதை இலவசமாகக் கொடுத்தாலன்றி, அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. அந்தச் சட்டம் பருத்தித்துறைக்குச் செல்லாது. இங்கே உத்தரவாதப் புத்தகத்தின் வாசகமே முதல் ஆதாரம். முகவரின் சேர்விஸ் நிலையத்தில்தான் செய்ய வேண்டும் என்று அதில் இருந்தால், அந்தக் காலம் முடியும்வரை அங்கேயே செய்வதுதான் புத்தி. கொடுத்த உத்தரவாதத்தை விற்றவர் மதிக்காவிட்டால், 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் தாமதிக்காமல் எழுத்தில் முறையிடலாம்.

மோட்டார் சைக்கிள்காரர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் எஞ்சின், கியர், கிளச் மூன்றும் ஒரே ஒயிலில் குளிக்கின்றன. காருக்கென்று செய்த ஒயில் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் இருக்கும். அவை கிளச்சை வழுக்கச் செய்யலாம். கன்னில் ‘ஜாசோ எம்ஏ’ அல்லது ‘எம்ஏ2’ இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கூட்டிக்கு வழமையாக ‘எம்பி’. விலை கூடிய கார் ஒயிலை ஆசையாக வாங்கி மோட்டார் சைக்கிளுக்கு விட்டால், எஞ்சின் உறுமினாலும் வண்டி சரியாக இழுக்காமல் போகலாம்.

இத்தனையும் கவனித்துவிட்டு, றேடியேற்றரில் கோட்டை விடுபவர்கள் பலர். குடாநாட்டுக்கு ஜீவநதி கிடையாது. வழுக்கை ஆறு மாரியில் மட்டும் ஓடும். குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கிய கிணற்றுத் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்த கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பாருங்கள். கூலன்ற் குறைந்துவிட்டது என்று ஒரு போத்தல் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால், எஞ்சினின் குறுகிய வழிகளிலும் அதே வெள்ளைதான் படியும். ஜப்பானிய வாகனங்களின் கூலன்ற் பலவற்றில் பொசுபேற்று உண்டு; சுண்ணாம்போடு சேர்ந்தால் அது இன்னும் வேகமாகக் கட்டியாகும். கையேடு சொல்லும் கூலன்றை, கலந்தே விற்கும் நிலையில் வாங்குவதும், வீதியில் அவசரத்துக்குத் தண்ணீர் விட நேர்ந்தால் பிறகு முழுவதையும் இறக்கி மாற்றுவதும் அவசியம். எஞ்சின் ஒயிலைப் பற்றி ஊரில் நடக்கும் வாதத்தில் பாதியையாவது இதற்கு ஒதுக்க வேண்டும்.

பிரேக் ஒயிலுக்குக் குழப்பமே வேண்டாம். டொட் 3, டொட் 4 இரண்டும் செயற்கையாகச் செய்தவைதான். போத்தலில் சிந்தெற்றிக் என்று அச்சிட்டிருப்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. வாகனத்தின் பிரேக் ஒயில் தொட்டி மூடியில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்கினால் போதும். சிலிக்கோனால் ஆன டொட் 5ஐ மட்டும் அவற்றோடு கலக்கக்கூடாது.

நல்ல ஒயில் நீண்ட நாள் உழைக்கும் என்பதற்காக, உத்தரவாதக் காலத்தில் சேர்விஸைத் தள்ளிப்போடவும் கூடாது. வீட்டிலிருந்து சந்தைக்கும், பள்ளிக்கூடத்துக்கும், கோயிலுக்கும் இரண்டு மூன்று கிலோமீற்றர் ஓடி நிறுத்தும் கார் சரியாகச் சூடாவதே இல்லை. எரியாத எரிபொருளும் ஈரமும் ஒயிலில் தங்கிவிடும். கிலோமீற்றர் ஓடாவிட்டாலும் கையேடு சொல்லும் மாதக் கணக்கு வந்தால் மாற்றிவிட வேண்டும்.

அடுத்த சேர்விஸுக்குப் போகும்போது கையேட்டையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள். கன்னை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். ஒயிலின் பெயர், தரம், எத்தனை லீற்றர், திகதி, ஓடிய கிலோமீற்றர் அத்தனையும் பில்லில் எழுதி வாங்குங்கள். வெயிலில் அச்சு மங்கிவிடும். அன்றைக்கே கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.