உங்களுக்குத் தெரியுமா? டோபி காட்டில் துணி துவைத்தவர்கள்

சிங்கப்பூரில் வடக்கு-தெற்கு, வடகிழக்கு, வட்டம் என மூன்று ரயில் பாதைகள் கூடுமிடம் டோபி காட். தினமும் அங்கே இறங்கி ஏறி, அந்தப் பெயர் நம் காதுக்குப் பழகிப்போய்விட்டது. இந்த வாரத் துணுக்குகள் அந்த நிலையத்திலிருந்தே புறப்படுகின்றன. நாம் நடந்துகொள்ளும் விதத்திலும், படிக்கும் விதத்திலும், பொருள்களைச் செய்யும் விதத்திலும் ஊரும் மொழியும் எவ்வளவு கலந்திருக்கின்றன என்று பார்ப்போமா?

● 'டோபி' என்றால் இந்துஸ்தானியில் சலவைத் தொழிலாளி. 'காட்' என்றால் நீர்த்துறைப் படிக்கட்டு. 19ஆம் நூற்றாண்டில் வட இந்தியாவிலிருந்தும் சென்னை மாகாணத்திலிருந்தும் வந்த சலவைத் தொழிலாளர்கள் இங்கே ஓடிய பிராஸ் பாசா ஓடையில் துணி துவைத்து, பக்கத்துப் புல்தரையில் உலர்த்தினார்கள். அந்த ஓடைதான் பிறகு ஸ்டாம்ஃபர்ட் கால்வாயானது. இன்று அதன் பெரும்பகுதி நம் காலுக்கடியில் மறைந்து ஓடுகிறது. தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் துறையின் பெயர் நிலைத்துவிட்டது. ஆளுநர்களின் பெயரையும் அதிகாரிகளின் பெயரையும் தாங்கிய சாலைகளுக்கு நடுவே, உழைப்பாளிகளின் பெயரில் ஒரு பெரிய நிலையம் இருப்பதில் எனக்கு மிகுந்த பெருமை.

● இதற்கு நேரான தமிழ்ச்சொல் 'வண்ணான்துறை'. சென்னை அடையாறு பக்கம் அதே பெயரில் ஓர் இடம் உண்டு. வடசென்னையின் வண்ணாரப்பேட்டையோ, கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றிய துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த பேட்டை. உவர்மண்ணில் ஊறவைத்து, வெள்ளாவி வைத்து, கல்லில் அடித்து, நீலம் போட்டு எடுப்பது ஒரு முழுத் தொழில்நுட்பம். ஊரில் அந்தத் தொழிலோடு சாதி இழிவையும் சேர்த்துக் கட்டினோம். அதனால்தான் இன்று 'வண்ணார்' என்று மரியாதையோடு சொல்கிறோம். அப்படித்தான் சொல்ல வேண்டும்.

● நூறு வீட்டு வேட்டிகள் ஒரே வெள்ளாவிப் பானையில் வேகும்போது எது யாருடையது என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் 'வண்ணான் குறி'. சேங்கொட்டையின் சாற்றைத் தொட்டுத் துணியின் ஓரத்தில் சில புள்ளிகள், சில கோடுகள் போடுவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி. எத்தனை முறை அடித்துத் துவைத்தாலும் அந்தக் கறுப்பு போகாது. எழுத்தறிவு மறுக்கப்பட்டவர்கள் தாங்களே வகுத்துக்கொண்ட எழுத்து இது. இன்று கடைப் பொருள்களின் மேல் இருக்கும் பட்டைக்கோடுகள் செய்கிற அதே வேலையைச் செய்தது. அந்தச் சாறு சிலருக்குத் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களுக்குக் கழுத்திலும் இடுப்பிலும் வந்த தடிப்புக்குக் காரணம் தேடிய மருத்துவர்கள், கடைசியில் சட்டையில் இருந்த சலவைக்குறியைத்தான் கண்டுபிடித்தார்கள்.

● மலாய் மொழியில் சலவைக் கடைக்கு 'கெடாய் டோபி' என்று பெயர். 'கெடாய்' நம் 'கடை'. 'டோபி' இந்துஸ்தானி. இரண்டும் கடல் கடந்து போய் மலாயில் கைகோத்துக்கொண்டன.

● டோபி காட் நிலையத்தின் சீனப் பெயர் மூன்று எழுத்துகள் கொண்டது. 'துவோ மெய் கெ' என்று ஒலிக்கும். ஒலிக்காகவே எழுத்துகளைத் தேர்ந்தாலும், சீன எழுத்து ஒவ்வொன்றுக்கும் பொருளும் உண்டு. ஆகவே கூட்டிப் படித்தால் 'பல', 'அழகு', 'பாட்டு' என்று வரும். ஒரே பெயர்ப்பலகையில் ஒருவர் துவைக்கும் துறையைப் படிக்கிறார். பக்கத்தில் நிற்பவர் இனிய பாடல்களைப் படிக்கிறார். தமிழில் 'டோபி காட்' என்று ஒலியை மட்டும் எழுதிவிடுகிறோம். பொருள் தெரிந்தவர்களுக்கே அது விளங்கும்.

● பெயரை மேலிருந்து மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அடுத்த நிறுத்தமான லிட்டில் இந்தியாவிலேயே சாட்சி இருக்கிறது. அங்குள்ள சந்தை 1982இல் புதுக் கட்டடத்துக்கு மாறியபோது, 'தேக்கா' என்ற ஹொக்கியன் பெயரை மாண்டரின் ஒலிப்பில் 'சூஜியாவ்' என்று ஆக்கினார்கள். இரண்டுக்கும் பொருள் மூங்கிலடி. ஆனால் மீன் வாங்க வந்த தமிழருக்கும் மலாய்க்காரருக்கும் அந்தப் புதிய பெயர் வாயில் நுழையவில்லை. மக்கள் 'தேக்கா' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2000இல் தேக்கா என்ற பெயரே அதிகாரபூர்வமாகத் திரும்பி வந்தது.

● டோபி காட்டிலிருந்து ஒரு நிறுத்தம் தெற்கே போனால் நகர மண்டபம். வெளியே வந்தால் வெள்ளை வெளேரென்று செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். வடிவம் இங்கிலாந்துடையது, சுவரின் பூச்சு நம்முடையது. 1856இல் அடிக்கல் நாட்டி 1862இல் அர்ச்சித்த இந்தக் கட்டடத்தைக் கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, வெல்லம் ஆகியவற்றைக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டு அரைத்து, பூசிக் காய்ந்தபின் வழுவழுப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். இந்தச் சாந்துக்கு 'மெட்ராஸ் சுண்ணாம்பு' என்றே பெயர். காரைக்குடிப் பக்கத்து வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு அந்தக் குளிர்ச்சி தெரியும். மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கும் ஊருக்கு எந்தச் சாந்து தாங்கும் என்ற அறிவு, விலங்கு மாட்டிய கைகளோடு கப்பலேறி வந்திருக்கிறது.

● அந்தக் கைதிகளில் முதல் தொகுதி, சென்னை மாகாணத்தைச் சேர்ந்த 80 பேர், 1825 ஏப்ரலில் பென்கூலனிலிருந்து இங்கே வந்து இறங்கியது. அவர்களுக்குப் பின் வந்தவர்களுக்கான சிறை பிராஸ் பாசா சாலையில், சலவைத் துறைக்குப் பக்கத்திலேயே இருந்தது. 1867இலிருந்து 1869 வரை கட்டப்பட்ட ஆளுநர் மாளிகையிலும் இந்தியக் கைதிகளின் உழைப்பு இருக்கிறது. இன்று அது அதிபரின் அதிகாரபூர்வ இல்லமான இஸ்தானா. தீபாவளி, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தொழிலாளர் தினம், தேசிய தினம் என்று பொதுமக்களுக்குத் திறந்துவிடும்போது, டோபி காட்டில் இறங்கி நடந்தே போய்விடலாம்.

● என் அப்பாயி இராமநாதபுரத்துக்காரர். சாப்பிட உட்கார்ந்தால், "அந்தச் சொம்ப கொஞ்சம் கிழக்கால தள்ளி வை" என்பார். எனக்குக் கிழக்கு எதுவென்று தெரியாது. அவருக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். இதை ஒருவர் ஆராய்ந்தே இருக்கிறார். 1990களில் நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் மொழி உளவியல் ஆய்வகத்தைச் சேர்ந்த எரிக் பெடர்சன் மதுரை வட்டாரத்துக்கு வந்தார். மேசையில் பொம்மைகளை வரிசையாக வைத்துக் காட்டிவிட்டு, ஆளைத் திருப்பி இன்னொரு மேசையில் அதே போல் வைக்கச் சொல்வது சோதனை. 'இடம், வலம்' என்று பேசிப் பழகிய நகரத்தவர்கள் தங்கள் உடம்பை வைத்து அடுக்கினார்கள். 'கிழக்கு, மேற்கு' என்று பேசிப் பழகிய கிராமத்தவர்கள் பெரும்பாலும் திசையை வைத்து அடுக்கினார்கள். இருவருக்கும் தாய்மொழி தமிழ்தான். அன்றாடப் பேச்சுப் பழக்கத்துக்கும் நினைவில் பதியும் முறைக்கும் தொடர்பு இருக்கிறது என்று இது காட்டுகிறது. அப்பாயி டோபி காட்டின் சுரங்கத்தில் இறங்கியிருந்தால் என்ன செய்திருப்பார் என்று அடிக்கடி நினைப்பேன். சூரியன் தெரியாத அந்தத் தளங்களில் வாசல் பலகைகளே நமக்குத் திசை.

● அதே நிலையத்தின் மின்படிகளில் அவசரமில்லாதவர்கள் இடப்பக்கம் நிற்கிறார்கள். லண்டனில் வலப்பக்கம். ஜப்பானில் தோக்கியோவில் இடம், ஒசாகாவில் வலம். ஒரே நாட்டுக்குள் இரண்டு பழக்கம்.

● டோபி காட்டை அடுத்த பிராஸ் பாசா சாலை ஒரு காலத்தில் பள்ளிக்கூடத் தெரு. கான்வென்ட் பள்ளியும் செயின்ட் ஜோசப் பள்ளியும் 1850களில் அங்கேதான் தொடங்கின. வகுப்பில் 'மானிட்டர்' வைக்கும் வழக்கத்துக்கு நம் ஊர்த் திண்ணையில் ஒரு வேர் உண்டு என்பது தெரியுமா? சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், ஒரு திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித்தரும் முறையைத் தம் இல்லத்தில் நடைமுறைப்படுத்தினார். 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. நம் தாத்தாக்கள் அந்த மூத்த பிள்ளையைச் 'சட்டாம்பிள்ளை' என்பார்கள்.

● வீட்டில் 'வந்துட்டாங்க' என்று கேட்டு வளரும் குழந்தை, புத்தகத்தில் 'வந்துவிட்டார்கள்' என்று படிக்கிறது. ஆங்கிலமே பேசும் வீட்டுக் குழந்தைக்கு இது இன்னும் பெரிய இடைவெளி. அதனால்தான் 2005இல் சிங்கப்பூரில் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, நாம் இயல்பாகப் பேசும் தமிழுக்கும் வகுப்பறையில் இடம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. மொழி நிலைக்க அது பேச்சில் இருக்க வேண்டும் என்று உணர்ந்து எடுத்த முடிவு. அது சரியான முடிவு என்றே நான் நம்புகிறேன். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு மட்டுமே.

● மீன் தலைக் கறி இந்தியாவிலிருந்து வந்ததென்று நினைப்பவர்கள் பலர். அது இங்கேயே பிறந்தது. கேரளத்துக்காரரான எம்.ஜே. கோமஸ், டோபி காட்டுக்கு மேலேயுள்ள சோபியா குன்றுப் பகுதியில் 1949இல் ஓர் உணவகம் வைத்தார். சீனர்களுக்கு மீன் தலை என்றால் விருப்பம் என்று கவனித்து, அதைத் தென்னிந்தியக் குழம்பில் போட்டார். இன்று அதை இந்தியரும் சீனரும் தங்கள் பதார்த்தம் என்கிறார்கள்.

● சீனப் புத்தாண்டுக்குச் சிவப்புப் பண உறையான அங் பாவ். அதைப் பார்த்து நோன்புப் பெருநாளுக்குப் பச்சை உறை வந்தது. பிறகு தீபாவளிக்கு ஊதா உறை. உறையின் நிறம் மாறினாலும் பெரியவர் கையால் பிள்ளைக்குப் போகும் பணம் ஒன்றுதான். சீனர்கள் இரட்டைப்படையில் வைப்பார்கள். நாமோ மொய்யில் ஒரு வெள்ளி கூட்டி 51, 101 என்று ஒற்றைப்படையாக்குவோம்.

● பழைய வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கின் சமையலறைப் பக்கம் மூங்கில் கழியைச் செருகுவதற்கு வரிசையாகக் குழாய்கள் பதித்திருக்கும். வெயிலில் துணி உலர்த்தியே தீருவோம் என்ற மக்களுக்காகக் கட்டடம் வளைந்துகொடுத்தது. 1970களிலிருந்து புளோக்குகளின் கீழ்த்தளத்தைக் காலியாக விட்டதும் அப்படித்தான். ஒரு சனிக்கிழமை அங்கே மலாய்த் திருமணம் நடக்கும். அடுத்த வாரம் அதே இடத்தில் ஒரு சீனக் குடும்பத்தின் துக்க வீடு இருக்கும்.

● துவைப்பதற்கே திரும்புவோம். 1996இல் சீனாவின் சிச்சுவானில் ஒரு விவசாயி, சலவை இயந்திரத்தின் குழாய் அடைத்துக்கொள்கிறது என்று ஹையர் நிறுவனத்திடம் புகார் செய்தார். போய்ப் பார்த்தால், அவர் அதில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு கழுவிக்கொண்டிருந்தார். மண் போய் அடைத்திருந்தது. நிறுவனம் அவரைக் கண்டிக்கவில்லை. கிழங்கும் கழுவும் இயந்திரம் ஒன்றைச் செய்து விற்றது. பானசோனிக் 2017இல் இந்தியாவுக்கென்று, குழம்புக் கறையைப் போக்கும் பொத்தான் வைத்த இயந்திரத்தைக் கொண்டுவந்தது. வெள்ளை வேட்டியில் சாம்பார் சிந்தினால் என்ன செய்வதென்று டோபி காட் ஓடையில் நின்றவர்களுக்கு எப்போதோ தெரிந்திருந்தது.

● கடைசியாக ஒன்று. நம் முன்னோர் இந்த ஊரின் தெருக்களுக்குத் தங்கள் வாயால் பெயர் வைத்திருந்தார்கள். செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய மார்க்கெட் ஸ்திரீட் 'கிட்டங்கித் தெரு'. சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்த சிராங்கூன் சாலை வட்டாரம் 'சுண்ணாம்புக் கம்பம்'. மலாயின் 'கம்போங்' நம் நாக்கில் 'கம்பம்' ஆனது. இந்தப் பெயர்கள் எந்த ரயில் நிலையப் பலகையிலும் இல்லை. சில முதியவர்களின் பேச்சில் மட்டும் இன்னும் இருக்கின்றன. உங்கள் வீட்டிலோ பக்கத்து புளோக்கிலோ அப்படி ஒருவர் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு தேநீரோடு உட்கார்ந்து கேளுங்கள். அவர் சொல்லும் பெயரையும், அது எந்த இடம் என்பதையும், அங்கே யார் என்ன வேலை செய்தார்கள் என்பதையும் எழுதிவையுங்கள்.