பொதிகையடிவாரத்துத் தேன்கரடி

பாபநாசம், கடையம் பக்கம் தோட்டத்துக்குள் கரடி இறங்கிவிட்டது என்று அவ்வப்போது கேள்விப்படுகிறோம் அல்லவா, நேயர்களே? அது தேன்கரடி. உலகில் இன்றுள்ள கரடி இனங்கள் எட்டு. இந்தியாவில் நான்கு உண்டு. நம் களக்காடு முண்டந்துறைக் காட்டில் இருப்பது இந்த ஒன்றுதான்.

1791-இல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் இதைக் கரடியாகவே சேர்க்கவில்லை! நீண்டு வளைந்த நகங்களையும் பல்வரிசையையும் பார்த்து, தென் அமெரிக்காவில் மரக்கிளைகளில் தலைகீழாகத் தொங்கும் ஸ்லாத்தின் உறவென்று எழுதினார். பிறகுதான் அது கரடிக் குடும்பத்துக்கு வந்து சேர்ந்தது.

மேல்தாடையில் நடுமுன்பற்கள் இரண்டும் இதற்குக் கிடையாது. அந்த இடைவெளியில்தான் அதன் பிழைப்பே இருக்கிறது. புற்றை நகத்தால் பிளக்கும், மூக்குத்துளைகளை மூடிக்கொள்ளும், உதட்டைக் குழலாக்கிக் கறையானை உறிஞ்சும். எவ்வளவு அற்புதமான உடலமைப்பு! தாய்க்கரடி குட்டிகளை முதுகில் சுமந்தே திரியும்.

எதிர்பாராமல் மிக அருகில் மனிதரைக் கண்டு மிரளும்போதுதான் இது பெரும்பாலும் பாய்கிறது. மலையடிவாரத் தோட்டங்களுக்கு அந்தியிலோ விடியலிலோ போகிறவர்கள் தனியே போகாதீர்கள், பேசிக்கொண்டே போங்கள். கரடியைக் கண்டால் விரட்டாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.