லயத்துக்கு வராத வரைபடம்

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். குடியிருக்கும் காம்பராவும் தோட்டத்துக்குச் சொந்தம், நிலமும் தோட்டத்துக்குச் சொந்தம். எழும்பிப் போ என்றால் எங்கே போவது?

இலங்கையில் மண்சரிவு அபாய வரைபடம் தயாரிப்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். 1990இல் அந்த வேலை தொடங்கியதே பதுளை, நுவரெலியா மாவட்டங்களில்தான். சரிவு எவ்வளவு செங்குத்து, அடியில் என்ன பாறை, மேலே எவ்வளவு மண், தண்ணீர் எப்படி வடிகிறது, காடா தேயிலையா என்றெல்லாம் பார்த்து மலையைத் தரம் பிரிக்கிறார்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் வெள்ளமும் மண்சரிவுமாக 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இப்படியொரு புயல் ஓய்ந்ததும் எங்கெங்கே சரிந்தது என்று குறிக்க வேண்டும். முன்னும் பின்னும் எடுத்த செய்மதிப் படங்களை ஒப்பிட்டால், பச்சைக்கு நடுவே செம்மண் கீறலாகச் சரிவு தெரியும். மேகம் மறைத்தால் ராடார் படம் கைகொடுக்கும். ஆனால் லயத்துக்குப் பின்னால் விரல் நுழையும் அளவுக்கு ஓடுகிற வெடிப்பை மேலிருந்து பார்க்க முடியாது. அதை அங்கே குடியிருப்பவர்தான் பார்க்க வேண்டும்.

வெடிப்பின் இரு கரையிலும் ஒவ்வொரு ஆணி அடித்து, இடைவெளியை அளந்து, சுவரில் திகதியோடு எழுதுங்கள். அது கூடினால் மலை நகர்கிறது. ஊற்று நீர் திடீரென்று கலங்கினாலும், நின்றுபோனாலும், மரமும் மின்கம்பமும் சாய்ந்தாலும் அதே அர்த்தந்தான். மழையையும் நீங்களே அளக்கலாம்: பக்கங்கள் நேரான பால்மாப் பேணியை வெட்டவெளியில் வைத்து, பிள்ளையின் அடிமட்டத்தால் அளந்தால் போதும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற வேண்டும். ஒரு மணித்தியாலத்திலேயே 75 கொட்டினாலும் வெளியேறத்தான் வேண்டும். தோட்டத் துரை சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர எண் 117.

மழை இல்லாத நாளில் செய்ய வேண்டியதும் உண்டு. ‘எங்கள் லயம் எந்த அபாய வலயத்தில் வருகிறது, இங்கே ஆய்வு நடந்திருந்தால் அறிக்கையின் பிரதி தாருங்கள்’ என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் இலங்கைக் குடிமக்கள் எவரும் கேட்கலாம். தமிழிலேயே கேட்கலாம், எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் ஏற்க வேண்டும். பொதுவாக 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட தகவலுக்கு 48 மணித்தியாலம் என்று சட்டமே சொல்கிறது. ‘இது எங்கள் உயிர் சம்பந்தப்பட்டது’ என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். பதில் வராவிட்டால் அந்த அலுவலகத்திலேயே மேன்முறையீடு, பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. கடிதத்தைக் கொடுத்ததும் கையொப்பமிட்ட பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.