பாரத்துக்குள் அடங்காதவை

ஒரு சிறுகதைத் தொகுப்பில் எது சேரும், எது வெளியே நிற்கும் என்பதைத் தமிழில் பல காலம் பாரக் கணக்குதான் முடிவு செய்தது. பதினாறு பக்கம் ஒரு பாரம். "பத்து பாரத்துக்குள்ள முடிச்சிக் குடுங்க" என்று பதிப்பாளர் சொன்னால் 160 பக்கம். முன்னுரை, சமர்ப்பணம், பொருளடக்கம் எல்லாம் அதற்குள். கடைசிப் பாரத்தில் நாலு பக்கம் மீந்தால் எங்கிருந்தாவது ஒரு குட்டிக் கதையைத் தேடிச் செருகுவார்கள். நாலு பக்கம் கூடிப்போனாலோ, உள்ளதில் ஒரு நீளமான கதை கழன்றுகொள்ளும். அது நல்ல கதையா என்று யாரும் கேட்டதில்லை. என் முதல் தொகுப்புக்கு நானும் அப்படித்தான் உட்கார்ந்து பக்கம் எண்ணினேன்.

கழன்ற கதை எங்கே போகும்? டிரங்குப் பெட்டிக்கு. அதுவும் எழுதியவரிடம் பிரதி இருந்தால். தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதவும், போதிய தபால்தலை ஒட்டிய உறை இல்லாவிட்டால் திருப்பி அனுப்ப இயலாது என்றெல்லாம் பத்திரிகைகள் அறிவிப்புப் போட்ட காலம் அது. கார்பன் வைத்து எழுதியவர்கள் குறைவு. அச்சான இதழ்தான் ஒரே பிரதி. அதுவும் பழைய பேப்பர்காரரிடம் போனால் கதை போனதுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வீடுகளில் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைப்பார்கள். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்தபோது அப்படி எத்தனை வீடுகளில் சேர்த்தார்கள்! அந்தத் தொகுதிகளைப் புரட்டினால், அத்தியாயம் முடிகிற தாளின் பின்பக்கத்தில் யாரோ ஒருவருடைய சிறுகதையின் முதல் பக்கம் மாட்டிக்கொண்டிருக்கும். கதாநாயகி ஜன்னலைத் திறப்பாள். அடுத்த தாளில் வந்தியத்தேவன் குதிரையில் போய்க்கொண்டிருப்பான். ஜன்னலுக்கு வெளியே அவள் என்ன பார்த்தாள் என்பது எழுதியவருக்கே மறந்திருக்கும்.

பெரியவர்களும் இந்தக் கதிக்குத் தப்பவில்லை. 1948இல் புதுமைப்பித்தன் இறந்தபோது அவர் எழுதியவற்றில் நிறைய இதழ்களோடு இதழாகச் சிதறிக் கிடந்தன. சொ.வி., ரசமட்டம் என்று புனைபெயர்கள் வேறு. எது சொந்தச் சரக்கு, எது மாப்பசானைத் தழுவியது என்று சண்டையே நடந்தது. ஆ. இரா. வேங்கடாசலபதி பழைய இதழ்களில் தேடி, நூலாகாதவற்றையும் அச்சேறாதவற்றையும் 'அன்னை இட்ட தீ' என்று 1998இல் கொண்டுவந்தார். 2000இல் அவர் பதிப்பித்த முழுக் கதைத் தொகுப்பில்தான் எந்தக் கதை எந்த இதழில், எப்போது வந்தது என்ற விவரம் ஒழுங்காகச் சேர்ந்தது. ஐம்பது வருஷம் கழித்து, வேறொருவர் கையால். இந்த மாதிரித் தேடல்களுக்கு ஆதாரமாக நின்றவர்களில் ஒருவர், கோட்டையூரில் உட்கார்ந்துகொண்டு தன் காசில் நூலும் இதழும் நோட்டீசும் சேர்த்த ரோஜா முத்தையா. 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கியது. இப்போது அது சென்னை தரமணியில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது.

எழுதியவரே திரும்பிப் பார்த்துத் தன்னுடையதில் எது கவனிக்கப்படாமல் போனது என்று எடுத்துக் கொடுத்தால் சரியாக இருக்குமா? எனக்கு நம்பிக்கையில்லை. சி.சு. செல்லப்பாவைப் பாருங்கள். 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கியவர், புத்தக மூட்டையைச் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். எண்பது தாண்டிய வயதில் 'சுதந்திர தாகம்' என்ற பெரிய நாவலை மூன்று பாகமாகத் தானே அச்சிட்டார். 1998இல் போய்விட்டார். 2001இல் அந்த நாவலுக்கு சாகித்திய அகாதெமி விருது வந்தது. விருது வந்தும் அதை முழுக்கப் படித்தவர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை. வாசகர் கையில் இன்று இருப்பது நூறு பக்கம்கூட வராத 'வாடிவாசல்'. ப. சிங்காரம் இதற்கு நேர் எதிர். பதிப்பாளர் கிடைக்காமல் கிடந்த 'புயலிலே ஒரு தோணி' 1972இல் ஒருவழியாக வெளிவந்தது, பேச்சுமூச்சில்லை. மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்த அவர் அதன்பின் நாவலே எழுதவில்லை, தன்னை எடுத்துச் சொல்லவும் இல்லை. 1997இல் இறந்தார். இன்று தமிழின் நல்ல நாவல்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அது முன்வரிசையில் நிற்கிறது. செல்லப்பாவின் உழைப்பும் சிங்காரத்தின் மௌனமும் இந்த விஷயத்தில் எதையும் தீர்மானிக்கவில்லை.

இப்போது பாரக் கணக்கு செத்துவிட்டது. ஐம்பது பிரதி, நூறு பிரதி என்று கேட்கிற அளவுக்கு அச்சடித்துத் தருகிறார்கள். எழுதிய அத்தனையும் சேர்த்து ஆயிரம் பக்கத்தில் முழுத் தொகுப்பு போட்டுக்கொள்ளலாம். சென்னைப் புத்தகக் காட்சிக்கு வந்து இறங்கும் அந்தத் தடிப்புத்தகங்களைத் தூக்கிப் பார்த்தாலே மணிக்கட்டு வலிக்கும். அன்று விடுபட்ட கதை பரணில் கிடந்தது. இன்று எழுநூற்றுச் சொச்சமாவது பக்கத்தில் கிடக்கிறது. யாராவது பிரிப்பார்களா என்ற விஷயத்தில் பெரிய முன்னேற்றமில்லை.

என் விடுபட்டவற்றையும் எடுத்து வாசித்துப் பார்த்தேன். ஒரு சிற்றிதழில் வந்த, தட்டச்சுப் பயிலகம் பற்றிய கட்டுரை ஒன்று. வெளிவந்தபோது ஒரு கடிதம்கூட வரவில்லை. அதையொட்டி வேறொரு பத்திரிகையில் வந்த காதல் கதைக்குத்தான் இன்லண்டு லெட்டர்கள். கதையை இன்று இரண்டு பக்கம் தாண்ட முடியவில்லை, எல்லாரும் பெருமூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கட்டுரையில் ஆள் நடமாட்டம் இருக்கிறது. மணிக்கொரு பேட்ச். ரெமிங்டனுக்கு ஒரு சத்தம், ஹால்டாவுக்கு ஒரு சத்தம். லோயர், ஹையர் பரீட்சை நாளில் மிஷின்களை மூன்று சக்கர வண்டியில் ஏற்றிச் சாக்கு போட்டுக் கட்டித் தேர்வு மையத்துக்குக் கொண்டுபோவார்கள், பையன்கள் இருபுறமும் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். வழியில் குலுங்கி ஏதாவது ஒரு எழுத்து அடிக்காமல் போய்விட்டால் பரீட்சை போச்சு. பக்கத்தை நிரப்ப வேண்டுமே என்று எழுதிய பத்தி அது. கட்டுரையில் இன்று தாங்கி நிற்பது அது ஒன்றுதான். உருக்கமான முடிவு வரிகளை யார் வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளட்டும்.

இதை வாசிக்க முடிந்தது காகிதத்தில் இருந்ததால். 2000ஐ ஒட்டி எழுதியவற்றின் பாடு வேறு. கணினிக்கு வந்த உற்சாகத்தில் காகிதப் பிரதி வைக்கும் வழக்கத்தையே பலரும் விட்டோம். டிடிபி கடையில் பேஜ்மேக்கர், எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம். தமிழக அரசு 1999இல் டாம், டாப் என்று தரம் வைத்தது. 2010இல் யூனிகோடையும் டேஸ்-16ஐயும் தரமாக அறிவித்தது. நடுவில் எழுதிய கோப்புகளை இன்று திறந்தால் ஆங்கில எழுத்தாகக் கொட்டுகிறது. பாமினி எழுத்துருவில் அடித்ததென்றால் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் அரைப்புள்ளி நிற்கும். 1935ஆம் வருஷத்து மணிக்கொடி இதழைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்துவிடலாம். 2001இல் எழுதிய கட்டுரைக்கு மாற்றி மென்பொருள் வேண்டும், எந்த எழுத்துருவில் அடித்தோம் என்ற நினைவும் வேண்டும். ஃபிளாப்பியில் இருந்தால் அதைச் செருக வீட்டில் இயந்திரமே கிடையாது.

எழுதுகிற நண்பர்களுக்கு: உங்கள் பழையவற்றில் எது தேறும் என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம், அது நம் வேலை இல்லை. கோப்புகளை இந்த மாதமே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். ஒவ்வொன்றின் தலைப்பிலும் வந்த இதழ், மாதம், ஆண்டு, புனைபெயர் இருந்தால் அதையும் எழுதி, ஒரு பிரதி அச்செடுத்து வையுங்கள். வீட்டில் பைண்டு செய்த பழைய இதழ்கள் இருந்தால் கடைக்குப் போடும் முன் ரோஜா முத்தையா நூலகத்தைக் கேளுங்கள். இலங்கை இதழ்கள் என்றால், 2005 முதல் அவற்றை வருடிச் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்தாரிடம் சொல்லுங்கள். பின்பக்கத்துப் பாதிக் கதையானாலும் கிழிக்காமல் கொடுங்கள்.