நீச்சல்குளத் தண்ணீருக்கு ஒரு எக்ஸெல் ஷீட்

போடிநாயக்கனூரிலிருந்து மூணாறு சாலையில் ஏறினால் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். இந்தத் தூரத்துக்குள் தண்ணீரின் குணமே மாறிவிடும். கீழே போர்வெல் தண்ணீரில் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு தட்டும். மேலே ஏலத்தோட்டத்து ஓடைத் தண்ணீரில் குளித்தால் சோப்பு வழவழப்பு லேசில் போகாது. தோட்டத்து பங்களாவிலோ விருந்தினர் விடுதியிலோ சிறிய நீச்சல்குளம் கட்டியவர்கள் இரண்டையும் ஒரே மாதிரி நடத்தப் போய்த்தான் கறையில் மாட்டிக் கொள்கிறார்கள். குளோரின் போட்டவுடன் தண்ணீர் டீ கலருக்கு மாறுவதும், சுவரில் பச்சை பூப்பதும் இந்த வகைதான்.

கடைக்காரர் கொடுக்கும் டப்பாக்களை வாங்கும் முன் உங்கள் கம்ப்யூட்டரில் எக்ஸெலைத் திறவுங்கள். லிப்ரே ஆபீஸ் கால்க் அல்லது செல்போனில் கூகுள் ஷீட்ஸ் இருந்தாலும் சரி. அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாஞ்ஜெலியர் 1936-ல் வெளியிட்ட கணக்கு இது. தண்ணீர் சுண்ணாம்பைப் படிய விடுமா அல்லது அரித்துத் தின்னுமா என்பதை ஒரே எண்ணில் சொல்லிவிடும்.

டெஸ்ட் கிட் வைத்து அளந்து பி2 செல்லில் பிஎச், பி3-ல் வெப்பநிலை (செல்சியஸ்), பி4-ல் கால்சியம் கடினத்தன்மை, பி5-ல் காரத்தன்மை, பி6-ல் டிடிஎஸ், பி7-ல் குளத்தின் கொள்ளளவு (லிட்டர்) ஆகியவற்றை டைப் செய்யவும். நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி 1000-ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். பிறகு கீழ்க்கண்ட ஃபார்முலாக்களை ஆங்கில எழுத்தில் அடித்து என்டர் தட்டவும்.

பி9: =(லாக்10(பி6)-1)/10
பி10: =34.55-13.12*லாக்10(பி3+273)
பி11: =லாக்10(பி4)-0.4
பி12: =லாக்10(பி5)
பி13: =பி2-(9.3+பி9+பி10-பி11-பி12)

பி13-ல் வருவதுதான் விடை. -0.3 முதல் +0.3 வரை இருந்தால் நிம்மதி.

உதாரணத்துக்கு ஓடைத் தண்ணீர் என்று வைத்துக் கொள்வோம். பிஎச் 6.8, வெப்பம் 22, கடினத்தன்மை 20, காரத்தன்மை 25, டிடிஎஸ் 50. விடை -2.4. பார்க்கப் பளிங்கு போல இருக்கும் இந்தத் தண்ணீர் டைல்ஸ் இடுக்கிலுள்ள சிமென்டையும் ஹீட்டரின் செம்புக் குழாயையும் பசியோடு கரைக்கும். கரைந்த செம்புதான் பின்னால் கறையாக வந்து உட்காருகிறது. கீழே போர்வெல் என்றால் பிஎச் 7.8, வெப்பம் 30, கடினத்தன்மை 450, காரத்தன்மை 300, டிடிஎஸ் 1000 என்று போட்டுப் பாருங்கள். +1.0 வரும். அங்கே படிவுதான் பிரச்சினை.

ஓடைத் தண்ணீரைச் சரிசெய்ய இன்னும் இரண்டு ஃபார்முலா போதும்.

பி15: =(100-பி5)*1.68*பி7/1000000
பி16: =(220-பி4)*1.47*பி7/1000000

முதலாவது எத்தனை கிலோ சமையல் சோடா என்று சொல்லும், இரண்டாவது எத்தனை கிலோ கால்சியம் குளோரைடு (டைஹைட்ரேட்) என்று சொல்லும். 60,000 லிட்டர் குளத்துக்கு 7.56 கிலோ, 17.64 கிலோ. ஒரே நாளில் கொட்டாமல், இரண்டையும் வெவ்வேறு நாட்களில் பிரித்துப் போடுங்கள். சேர்த்துப் போட்டால் தண்ணீர் பால் மாதிரி கலங்கும்.

பிஎச் விஷயத்தில் சோம்பல் கூடாது. ஒரு காலி செல்லில் =1/(1+10^(பி2-7.5)) என்று அடியுங்கள். போட்ட குளோரினில் எவ்வளவு பங்கு உண்மையிலேயே கிருமியைக் கொல்லும் வடிவில் இருக்கிறது என்பது தெரியும். 7.2-ல் 67 சதவீதம், 8-ல் வெறும் 24. மீதிக் காசு தண்ணீரில் போட்ட மாதிரிதான்!

இனி கறை. துரு நிறம் என்றால் பெரும்பாலும் இரும்பு, நீலப்பச்சை என்றால் செம்பு, கறுப்பு அல்லது ஊதா என்றால் மாங்கனீசு. மருந்துக் கடையில் கிடைக்கும் வைட்டமின் சி மாத்திரை ஒன்றைக் கறையின் மேல் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். வெளுத்தால் இரும்பு.

செம்பு பற்றி ஏலக்காய் விவசாயிக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. அழுகல் நோய்க்கு அடிக்கும் ஒரு சதவீத போர்டோ கலவை, ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுண்ணாம்பும் 100 லிட்டர் தண்ணீரில் சேர்ந்தது. பதம் பார்க்கக் கத்தியை முக்குவார்கள். கத்தியில் செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். அமிலம் மிகுந்தால் செம்பு கரைந்து திரிகிறது, காரம் ஏறினால் படிகிறது. குளத்திலும் அதே கதைதான். பாசிக்கு என்று குளத்தில் மயில்துத்தம் போடுவதும், மருந்து கலக்கிய டிரம்மில் குளத்து மருந்தைக் கரைப்பதும் வினையை விலைக்கு வாங்கும் வேலை.

இரும்புக் கறைக்கு வைத்தியம் அஸ்கார்பிக் அமிலப் பொடி, அதாவது அதே வைட்டமின் சி. குளோரினை ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறங்க விட்டு, பிஎச்சை 7.2-க்குக் கொண்டு வந்து, 60,000 லிட்டருக்கு முக்கால் கிலோ அளவில் கறையைச் சுற்றித் தூவ வேண்டும். ஒரு பிபிஎம் குளோரின் சுமார் 2.5 பிபிஎம் அஸ்கார்பிக் அமிலத்தை விழுங்கிவிடும். குளோரின் இறங்காமல் போட்டால் பொடி வீண். கறை மறைந்தாலும் இரும்பு தண்ணீரில்தான் இருக்கிறது. உலோகத்தைக் கட்டிப் பிடிக்கும் சீக்வெஸ்ட்ரன்ட் மருந்தைச் சேர்த்துவிட்டு, சில நாட்களில் குளோரினை மெதுவாக ஏற்றவும். அவசரப்பட்டு ஒரே மூச்சில் ஏற்றினால் கறை பழைய இடத்துக்கே திரும்பும்.

குளோரின் இல்லாத அந்த நாட்களில் யாரையும், முக்கியமாகக் குழந்தைகளை, இறங்க விடாதீர்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் டைவிங் குளம் பச்சையானது நினைவிருக்கும். 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடை யாரோ ஊற்றியதில் குளோரின் செயலிழந்து போனதே காரணம். ஒலிம்பிக் குளத்துக்கே அந்தக் கதி!

போர்வெல்லில் இரும்பு இருப்பது தெரிந்தால், நேராகக் குளத்தில் விடாமல் தொட்டியில் ஷவர் போல விழச் செய்து, ஒரு நாள் தெளியவிட்டு, வடிகட்டி நிரப்புங்கள். காற்று பட்டு இரும்பு துருவாக அங்கேயே இறங்கிவிடும். பிஎச்சைக் குறைக்க ஆசிட் ஊற்றும்போது தண்ணீரில் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை அல்ல. ஆசிட் கேனும் பிளீச்சிங் பவுடரும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. இரண்டும் கலந்தால் கிளம்பும் குளோரின் வாயு ஆளையே கொல்லும்.

பழைய தண்ணீரைத் திறந்துவிடுவதாக இருந்தால் குளோரின் பூஜ்யம் என்று அளந்து பார்த்துவிட்டு வெற்று நிலத்தில் பாயவிடுங்கள். ஓடையில் விட வேண்டாம். கீழே அதைக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஐப்பசி மழையில் குளம் நிரம்பி வழிந்தால் பழைய எண்கள் செல்லாது. புதிதாக அளந்து பி2 முதல் பி6 வரை மாற்றுங்கள், மற்றதை ஷீட் பார்த்துக் கொள்ளும்.