பாடம் சொல்லித் தரும் அண்ணனுக்கும் அக்காவுக்கும் எல்லை வேண்டும்

தேர்வு நெருங்கும் மாதங்களில் நம் மஹல்லாக்களில் ஒரு நல்ல காட்சியைக் காண்கிறோம். மஃரிப் தொழுகை முடிந்ததும் மதரஸா கூடத்தில் பாய் விரித்து, கல்லூரியில் படிக்கும் ஓர் அண்ணன் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார். டியூஷனுக்குப் பணம் கட்ட முடியாத வீடுகளுக்கு இது பெரிய உதவி. அல்லாஹ் அவருக்கு நற்கூலி தருவானாக.

ஆனால் அந்த அண்ணனுக்கே வயது பத்தொன்பதோ இருபதோதான். ஆசிரியருக்குரிய பயிற்சி அவருக்கு இல்லை. பிள்ளைகளோ ஆசிரியரைவிட அவரிடம்தான் நெருக்கமாகப் பழகுகிறார்கள். அந்த நெருக்கத்தால்தான் பாடம் எளிதாகப் புரிகிறது. சிக்கல் வருவதும் அதே வழியில்தான்.

"நாளைக்கு அசைன்மென்ட் வைக்கணும், நீங்களே போட்டுக் கொடுங்கண்ணே" என்று ஒரு பையன் கெஞ்சுவான். பாவமாகத்தான் இருக்கும். அதே மாதிரி வேறொரு கணக்கைப் போட்டுக் காட்டலாம். அவனுடைய கணக்கை அவன்தான் போட வேண்டும். அடுத்தவர் எழுதித் தந்ததைத் தன்னுடையது என்று வைப்பது ஏமாற்று. ஏமாற்றுபவரை நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்கள் என்பது நமக்குத் தெரியும் (முஸ்லிம்).

அடுத்தது செல்போன். அந்நிய ஆணும் பெண்ணும் தனித்திருப்பதை மார்க்கம் தடுத்திருக்கிறது (புகாரி, முஸ்லிம்). வகுப்பறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் தனியே 'சந்தேகம்' தீர்த்துக்கொண்டிருந்தால் அந்தக் கதவு திறந்திருந்து என்ன பயன்? பெற்றோரில் ஒருவராவது இருக்கும் குழுவில், இஷாவுக்கு முன் கேட்கட்டும். பெண் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இந்தக் கவனம் தேவை என்று நாம் நினைத்துவிடுகிறோம். சிறுவர்களுக்கும் இதே கவனம் வேண்டும்.

எல்லாவற்றிலும் கனமானது ரகசியம். பாடம் முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு பிள்ளை தயங்கி நிற்கும். "யார்கிட்டயும் சொல்லாதீங்க, சத்தியம் பண்ணுங்க" என்று தொடங்கும். அங்கே சத்தியம் செய்துவிடக் கூடாது. "உன் குறையை ஊரில் பரப்ப மாட்டேன். ஆனால் உனக்கு ஆபத்து என்றால் உதவக்கூடிய பெரியவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வீட்டில் அடி, யாரோ தவறாகத் தொட்டது, உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் - இவற்றை இருபது வயதுப் பிள்ளை தனியே சுமக்க முடியாது, சுமக்கவும் கூடாது. அமானிதம் என்ற பெயரில் வாயை மூடிக்கொண்டால் அந்தப் பிள்ளைக்கே அநீதி செய்தவராகிறோம். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கட்டாயம். குடும்ப மானம் போய்விடும் என்று பேசி அமுக்கிவிட அதில் இடமில்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம்.

பெற்றோர்களாகிய நம்மிடமும் தவறு உண்டு. "உன் தம்பி மாதிரி நினைச்சுப் பார்த்துக்கப்பா" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறோம். பிறகு மார்க் குறைந்தால் அவரைத்தான் கேட்கிறோம். வகுப்பு நடக்கும் நேரத்தில் ஜமாஅத்திலிருந்து ஒரு பெரியவர் கூடத்தில் உட்கார்ந்திருக்கட்டும். பெண் பிள்ளைகளுக்கு ஓர் அக்காவே சொல்லித் தரட்டும், அங்கே தாய்மார்களில் ஒருவர் இருக்கட்டும். சொல்லித் தருபவருக்கு செமஸ்டர் தேர்வு வந்தால், "இந்த வாரம் வகுப்பு இல்லை" என்ற அறிவிப்பை அவர் சங்கடப்பட்டுச் சொல்லும்படி விடாமல் ஜமாஅத்தே சொல்லட்டும்.