திருடனுக்குத் தெளித்த மருந்து

புதுச்சேரியின் வில்லியனூர் கொம்யூனில், ஒதியம்பட்டு பக்கம் தென்னையில் குருத்தழுகல் தெரிந்தால், அழுகலைச் சுரண்டிவிட்டு போர்டோ பசை தடவச் சொல்வது பழைய வேளாண் பரிந்துரை. அந்த போர்டோ, பிரான்சின் திராட்சைச் சீமை.

1882 அக்டோபர். அமெரிக்காவிலிருந்து வந்த அடிச்சாம்பல் நோய் அங்கே தோட்டம் தோட்டமாக இலையை உதிர்த்துக்கொண்டிருந்தது. சேன் ஜூலியென் வழியே போன தாவரவியல் பேராசிரியர் மில்லார்தே, சாலையோரக் கொடிகளில் மட்டும் இலை நிற்பதைக் கண்டார். அவற்றின்மேல் நீலப் பூச்சு. போகிறவர் வருகிறவர் பழம் பறிக்காமலிருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் தெளித்திருந்தார்கள்! தோட்ட மேலாளர் எர்னஸ்ட் தவீத் துணையோடு சோதித்து, 1885-இல் போர்டோ கலவையின் செய்முறையை மில்லார்தே வெளியிட்டார்.

இன்றைய பக்குவம் இது. மயில்துத்தம் 1 கிலோவை 50 லிட்டர் தண்ணீரிலும், சுண்ணாம்பு 1 கிலோவை இன்னொரு 50 லிட்டரிலும் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. அரிவாளை முக்கி எடுத்தால் அதில் செம்பு நிறம் படியக் கூடாது. படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இலை கருகும்.

இது வருமுன் காக்கும் மருந்து. கிருமி இலை ஈரத்தில் நீந்தி உள்ளே நுழையும் முன்பே செம்பு அதைக் கொல்லும். நுழைந்துவிட்டால் பலனில்லை.

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் அதனால்தான் சிக்கல் கூடுதல். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை அங்கே ஆண்டு முழுக்க அறுவடையாகிறது. பிரெஞ்சுக் கொடி பனிக்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும். கம்பத்துக் கொடிக்கோ கவாத்து செய்த நாள்தான் பருவம். கிருமிக்கும் ஓய்வில்லை. எனவே எந்த மாதம் கவாத்து, பந்தலில் எவ்வளவு இலையைக் கிள்ளிக் காற்று விடுவது என்ற முடிவுகளே பாதி மருந்து.

மீதிப் பாதியில் வில்லங்கம் உண்டு. செம்பு மட்காது, தெளித்ததெல்லாம் மண்ணில் சேரும். ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் 7 ஆண்டுகளுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ என்று வரம்பு வைத்தது. வேடிக்கை என்னவென்றால், இயற்கை விவசாயச் சான்றுள்ள தோட்டங்களும் இந்த நோய்க்குப் பெரிதும் நம்புவது செம்பைத்தான். அதுவும் எப்போதும் கைகொடுப்பதில்லை. 2018-இல் அடிச்சாம்பல் தாக்கியபோது, செயற்கை ரசாயனத்தைத் தொடாத ஷாத்தோ பால்மேர் என்னும் போர்டோ தோட்டத்துக்குக் கிடைத்தது ஹெக்டேருக்கு 1,100 லிட்டர் ஒயின் மட்டுமே. அதற்கு முன் 2007-இல் இதே நோய்க்கு அஞ்சிய இன்னொரு போர்டோ தோட்டமான போந்தே கானே, தன் நிலத்தின் ஒரு பகுதியில் செயற்கை ரசாயனம் அடித்தது. அதற்கு இயற்கை விவசாயச் சான்று 2010-இல்தான் கிடைத்தது.